ஆறுமணிக்குருவி வழக்கு

எங்கள் வனவிலங்கு அலுவலகத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒரு பிள்ளை என்னைத் தொலைபேசியில் அழைத்து, என் அனுபவங்களைச் சுவையாக எழுதித் தரும்படி கேட்டாள். நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் கேட்டாள். ஆனால் சுவையாகச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. ஓய்வுபெற்ற பிறகு இரத்த அழுத்தம் தானாக இறங்கும் என்று என் வைத்தியர் சொன்னார். இறங்கவில்லை. ஏன் என்று அவர் ஒவ்வொரு முறையும் கேட்கிறார். அவருக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன்.

நீங்கள் எல்லோரும் பட்டம் எடுத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். வலசை வரும் பறவைகளைப் பற்றி உங்களுக்கு நிறையத் தெரியும். பூமியின் காந்தப்புலத்தைப் பறவை உணர்கிறது, அந்த உணர்வு அதன் கண்ணுக்குள் இருக்கலாம், இருட்டிலும் வடக்கு எது தெற்கு எது என்று அதற்குத் தெரியும் என்றெல்லாம் அழகாக எழுதுகிறீர்கள். எழுதுங்கள், நல்ல விசயம். எனக்கும் இதை முதன்முதல் கேள்விப்பட்டபோது மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு வசனம் போடுகிறீர்களே, "ஆகவே பறவைகள் ஒருபோதும் வழி தவறுவதில்லை" என்று, அதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த ஒரு வசனத்தை வைத்து ஒரு மனிதரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். எனக்கு முன்னால் ஏற்றினார்கள்.

அரைகுறை அறிவு என்ன செய்யும் என்பதற்கு முதலில் ஒரு சின்ன உதாரணம். உடுவிலில் எங்கள் வீட்டுக்கு அடுத்த ஒழுங்கையில் ஒரு பெரிய படிப்பாளி இருந்தார். ஒருநாள் அவர் வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறத்தில் ஒரு ஆறுமணிக்குருவி களைத்துப்போய் விழுந்து கிடந்தது. தெற்கே போகிற குருவிதானே, உதவி செய்வோம் என்று நினைத்து, அதைச் சப்பாத்துப் பெட்டிக்குள் வைத்து ஓட்டை போட்டு, கொழும்பு போகிற பஸ்காரரிடம் கொடுத்துவிட்டார். குருவி வெக்கையில் செத்துப்போய்க் கொழும்பு போய்ச் சேர்ந்தது. அவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்து பஸ்காரரின் மேல் முறைப்பாடு வைத்தார். ஒரு பாத்திரம் தண்ணீர் வைத்து நிழலில் விட்டிருந்தால் அது மறுநாள் தானாகப் போயிருக்கும் என்றேன். அவருக்கு நான் அவமதித்தது போலப் பட்டுவிட்டது. அவரையாவது மன்னிக்கலாம். அவர் குருவிக்கு மட்டும்தான் கெடுதல் செய்தார்.

இனி வழக்குக்கு வருகிறேன்.

ஆறுமணிக்குருவியை உங்களில் பலர் படத்தில்தான் பார்த்திருப்பீர்கள். பச்சை முதுகு, நீலத் தோள், வாலுக்குக் கீழே குங்குமச் சிவப்பு. காலையும் மாலையும் ஆறு மணியளவில் கூவுவதால் அந்தப் பெயர். புரட்டாசிக் கடைசியிலும் ஐப்பசியிலும் இந்தியாவிலிருந்து இரவில் கடலைக் கடந்து வருகிறது. அது காணும் முதல் தரை எங்கள் வடகரை.

அந்த வடகரையில், பருத்தித்துறைக்கும் கீரிமலைக்கும் இடையில் ஒரு கடற்றொழில் ஊர். பெயர் வேண்டாம். கரைக்கு வெளியே நீளத்துக்கு முருகைக்கல் பார், பவளப்பாறை வரிசை, கிடக்கிறது. அதை ஊடறுத்துப் படகு உள்ளே வர ஒரு ஒடுங்கிய வழி உண்டு. அதை வான் என்பார்கள். இருட்டில் வானைத் தவறவிட்டால் படகு கல்லில் அடித்து உடையும். தங்கராசா என்ற தொழிலாளியின் தம்பி அப்படித்தான் ஒருமுறை சோளகக் காற்றடித்த கடலில் போனார். உடம்பை எடுத்தது தங்கராசா அண்ணைதான். அதன்பிறகு அவர் கடற்றொழிலாளர் சங்கத்தைக் கூட்டிக்கொண்டு ஏறாத அரசாங்கக் கந்தோர் இல்லை. கடைசியில் வானுக்கு நேரே கரையில் உயரமான கம்பம் நட்டு, பெரிய மஞ்சள் விளக்குகள் போட்டுக் கொடுத்தார்கள். பந்தல் போட்டு, மாலை போட்டு, பெரிய ஆட்கள் வந்து திறந்து வைத்தார்கள். அந்த விளக்கு வந்தபின் அந்த ஊரில் ஒருவரும் கல்லில் அடிபட்டுச் சாகவில்லை. இதை மறக்காமல் மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள்.

ஒரு ஐப்பசியில், மழை மூட்டமான காலை நேரம், யாரோ எங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து, ஒருவர் சாக்கில் குருவிகளைக் கொண்டு போகிறார் என்று சொல்லியிருக்கிறார்கள். எங்கள் ஜீப் போனது. தங்கராசா அண்ணை கடற்கரையில் சாக்கோடு நின்றார். சாக்கு நிறைய ஆறுமணிக்குருவிகள், எல்லாம் செத்தவை. அவருடைய வேலியில் வலை காய்ந்துகொண்டிருந்தது. கடற்றொழில் செய்பவர் வீட்டு வேலியில் வலை காயாமல் வேறென்ன காயும்? ஆனால் எங்கள் மேலதிகாரிக்கு அது போதும். சாக்கு ஒரு கையில், வலை பின்னால், மனிதர் நடுவில். படம் எடுத்தார். வழக்கு அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது அவருக்கு.

மேலதிகாரி என்னைவிட வயதில் இளையவர், கெட்டிக்காரர், என்னை அக்கா அக்கா என்றுதான் கூப்பிடுவார். அக்கா என்று கூப்பிடுபவர்களிடம் கவனமாக இருங்கள். குருவிகளை என் மேசையில் கொட்டி, வலையில் சிக்கி இறந்தவை என்று மதியத்துக்கு முன் எழுதிக் கையெழுத்து வைக்கச் சொன்னார். பொலிசார் காத்திருக்கிறார்களாம்.

நான் குருவிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். வலையில் சிக்கிச் செத்த பறவைகளை என் வேலைக்காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். செட்டையின் அடியில் நூல் அறுத்திருக்கும், இறகு பிய்ந்திருக்கும், கால் முறுகியிருக்கும். இவற்றில் ஒன்றுமே இல்லை. சிலவற்றுக்கு மண்டையில் அடி, சிலவற்றுக்குக் கழுத்து முறிவு. இன்னும் சிலவற்றுக்குக் காயமே இல்லை. நெஞ்செலும்பு மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. உடம்பில் இருந்த கொழுப்பெல்லாம் எரிந்து முடியும்வரை பறந்து விழுந்தவை. போதாதென்று வேலியில் காய்ந்த அந்த வலை பெரிய மீனுக்கானது. அதன் கண்ணுக்குள்ளால் இரண்டு குருவிகள் கைகோத்துக்கொண்டு போகலாம்.

வலையில்லை, விளக்கு என்று சொன்னேன். மேலதிகாரி சிரித்தார்.

"அக்கா, உங்களுக்குத் தெரியாததே? பறவைக்குள்ளை திசைகாட்டி இருக்கு. கொழும்பிலை இருந்து வந்து வகுப்பெடுத்தவர் சொன்னவரெல்லே, அது வழி தவறாதெண்டு. திசை தெரிஞ்ச குருவி ஏன் போய்க் கம்பத்திலை மோதுது?"

"உங்களுக்கும் கந்தோருக்கு வாற திசை தெரியும்தானே. ரோச் லைற்றை முகத்துக்கு நேரை பிடிக்கிறன், நடந்து வாங்கோ, எத்தினை மதிலிலை முட்டுறியள் எண்டு பாப்பம்" என்றேன்.

கோபத்தில் சொன்னாலும் விசயம் அதுதான். காந்தப்புலம் குருவிக்குத் திசையைச் சொல்லும், முன்னால் நிற்கும் கம்பத்தைச் சொல்லாது. அதுமட்டுமில்லை. இரவில் பறக்கும் வேறு சில பறவைகளை வைத்துக் கண்டுபிடித்தது இது: காந்தத்தை உணர அவற்றின் கண்ணுக்குக் கொஞ்சம் வெளிச்சம் வேண்டும், நட்சத்திர வெளிச்சம் அளவு மங்கலான நீல, பச்சை வெளிச்சம். மஞ்சளும் சிவப்புமான வெளிச்சத்தில் அந்த உணர்வு குழம்பிப் போகிறது. ஆறுமணிக்குருவியை வைத்து யாராவது இதைச் சோதித்தார்களா என்று எனக்குத் தெரியாது, முழுவதும் புரிந்தவர் இன்னும் உலகத்தில் யாரும் இல்லை. ஆனால் மழை மூட்டத்தில் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நட்சத்திரம் இல்லை. குருவி தாழப் பறக்கிறது. கடல் முழுக்க இருட்டு, கரையில் ஒரே ஒரு பெரிய மஞ்சள் வெளிச்சம். அதற்குள் வந்த குருவிக்கு வெளியே போகத் தெரிவதில்லை. சுற்றுகிறது, சுற்றுகிறது, கம்பத்தில் அல்லது கம்பத்தை இழுத்துக் கட்டிய கம்பியில் அடிபடுகிறது, இல்லாவிட்டால் களைத்து விழுகிறது.

இதை மேசையில் இருந்து யோசித்து மட்டும் சொல்லவில்லை. அடுத்த மழைநாள் விடியப்புறம் நானே போய் அந்தக் கம்பத்தடியில் குடையோடு நின்றேன். விளக்கைச் சுற்றிக் குருவிகள் மழைத்தூறலுக்குள் வட்டம் போட்டன. நான் நின்றுகொண்டிருக்கும்போதே ஒன்று என் காலடியில் விழுந்தது. கையில் எடுத்தேன், அதன் நெஞ்சு படபடவென்று அடித்தது, பிறகு நின்றுவிட்டது. அன்றைக்கு அழுதேன். அழுததைச் சொல்ல வெட்கமில்லை.

அலுவலகத்துக்கு வந்து முழுவதையும் அறிக்கையாக எழுதினேன். விளக்கை அணைக்க வேண்டாம், விட்டு விட்டு எரியும்படி செய்தால் போதும் என்றும் எழுதினேன். இடையில் இருட்டு வரும்போது குருவி திசை பிடித்து விலகிப் போய்விடும். இது பல நாடுகளில் உயரக் கோபுரங்களுக்குச் செய்வதுதான், புதிதாக நான் கண்டுபிடித்தது இல்லை. ஒரு சின்னக் கருவி, ஒரு மின்வேலைக்காரர், அரை நாள் வேலை.

மேலதிகாரி வாசித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். விளக்கைப் பற்றி ஒரு சொல்லும் வெளியே போகக்கூடாது என்றார். திறந்து வைத்த பெரிய ஆட்களுக்கு யார் மறுமொழி சொல்வது என்று கேட்டார். என் அறிக்கை அவருடைய மேசை லாச்சிக்குள் போனது. கொழும்பிலிருந்து வந்து வகுப்பெடுத்தவர், ஒரு குருவியையும் கண்ணால் காணாமல், தொலைபேசியில் கேட்டதை வைத்தே ஒரு கருத்து அனுப்பினார். காந்த உணர்வு உள்ள பறவைகள் இத்தனை ஒரே இடத்தில் தாமாக இறப்பது சாத்தியமில்லையாம், மனிதத் தலையீடு இருக்க வேண்டுமாம். மனிதத் தலையீடு கம்பத்தின் உச்சியில் எரிந்துகொண்டிருந்தது. அண்ணாந்து பார்க்க ஒருவருக்கும் கழுத்து வளையவில்லை.

நான் விடவில்லை. பொலிசாரிடம் நானே போய், குருவிகளைப் பரிசோதித்தவள் நான், என்னைச் சாட்சியாகக் கூப்பிடுங்கள் என்றேன். பெயரை எழுதிக்கொண்டார்கள். உடனே மேலதிகாரி ஒரு விதியைக் கண்டுபிடித்தார்: சாட்சி சொல்லப்போகிறவர் சந்தேகநபரோடு கதைக்கக்கூடாது. கதைத்தால் சாட்சியம் செல்லாது, தங்கராசாவுக்குத்தான் கெடுதல் என்றார். அவருக்குக் கெடுதல் என்றதும் நான் அடங்கினேன். தங்கராசா அண்ணை வீட்டுப் பக்கம் போகவில்லை.

ஆனால் ஊர்வாயை மூட உலைமூடி இல்லை. எங்கள் ஜீப் ஓட்டுநர் அவருக்குத் தூரத்துச் சொந்தம். நல்லெண்ணத்தில் போய் அவர் காதில் போட்டிருக்கிறார்: பயப்படாதே, லைற்றாலைதான் குருவி செத்ததென்று மிஸ் கோட்டில் சொல்லப்போறா. அவ்வளவுதான் சொன்னார். விட்டு விட்டு எரிய வைக்கும் கதை அவருக்குத் தெரியாது, அது லாச்சிக்குள் இருந்தது.

வழக்கு நாள் வந்தது. நான் அறிக்கையின் பிரதியோடு போய் வாங்கில் உட்கார்ந்திருந்தேன். தங்கராசா அண்ணை வெள்ளை வேட்டி கட்டி, திருநீறு பூசி, கோயிலுக்கு வந்தவர் மாதிரிக் கூண்டில் ஏறினார். குற்றப்பத்திரம் வாசித்தார்கள். குற்றவாளியா, குற்றமில்லாத சுற்றவாளியா என்று கேட்டார்கள். அவருடைய சட்டத்தரணி வாய் திறக்குமுன் அவர் சொன்னார்.

"குற்றவாளி, ஐயா."

சட்டத்தரணி திரும்பிப் பார்த்தார். நான் எழும்பி நின்றுவிட்டேன், பொலிஸ்காரர் கையைக் காட்டி இருக்கச் சொன்னார். குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகு சாட்சி எதற்கு? தண்டம் விதித்து, எச்சரித்து, அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள். ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. மேலதிகாரி என்னைக் கடந்து போகும்போது, "பாத்தியளே அக்கா" என்றார்.

வெளியே வேப்பமரத்தடியில் தங்கராசா அண்ணையைப் பிடித்தேன். இனி நான் சாட்சியும் இல்லை, அவர் சந்தேகநபரும் இல்லை. என் குரல் எனக்கே கேட்காத அளவுக்குக் காது அடைத்திருந்தது. கத்தியிருக்க வேண்டும், ஏனென்றால் போனவர்கள் வந்தவர்கள் நின்று பார்த்தார்கள்.

"அண்ணை, நீங்கள் கொல்லேல்லை எண்டு எனக்குத் தெரியும். கையிலை எழுதி வைச்சுக்கொண்டு இருக்கிறன். ஏன் உப்பிடிச் சொன்னனீங்கள்?"

"மெல்லமாக் கதையுங்கோ மிஸ்" என்றார். என்னை மரத்துக்கு அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். "நீங்கள் ஏறி லைற்றாலைதான் குருவி சாகுதெண்டு சொல்லுவியள். ஐயா லைற்றை நிப்பாட்டச் சொல்லுவார். பிறகு எங்கடை பெடியள் வானை எப்பிடிப் பிடிக்கிறது? குருவி என்ரை கையாலை செத்ததாப் போகட்டும்."

அந்த மனிதர் என்ன சொன்னார் என்பது உங்களுக்கு விளங்க வேண்டுமானால் அந்தக் கரையின் ஒரு வழக்கம் தெரிய வேண்டும். கடலில் களைத்து வந்து படகில் குந்தும் குருவியை அங்கே ஒருவரும் துரத்துவதில்லை. சிரட்டையில் நன்னீர் வைப்பார்கள், குடிக்கிற தண்ணீர் குறைவாக இருந்தாலும் வைப்பார்கள். அது விருந்தாளி. மீன் பிடிப்பது தொழில், வந்த குருவியைக் கொல்வது பாவம். அந்த ஊரில் ஒருவரைக் குருவி பிடிச்சுத் தின்றவன் என்பதைவிடக் கள்ளன் என்பது மேல். தங்கராசா அண்ணைக்கு விளக்குத்தான் குருவிகளைக் கொல்கிறது என்று முதல் மழையிலேயே தெரிந்திருக்கிறது. அதனால்தான் விடிய முதலே போய்ப் பொறுக்கி, ஒருவர் கண்ணிலும் படாமல் மணலில் தாட்டு வந்திருக்கிறார். ஊரில் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் கதை கந்தோருக்குப் போகும், விளக்குப் போகும் என்று பயம். அப்படிப் புதைக்கப் போன ஒரு நாளில்தான் எங்கள் ஜீப் போய்ச் சேர்ந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அதை நான் அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன்.

விளக்கை அணைக்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை, விட்டு விட்டு எரிந்தால் போதும் என்று நான் சொன்னேன்.

"விட்டு விட்டு எரிஞ்சால் குருவி போயிடுமோ?"

"ஓம் அண்ணை. எல்லாம் போகுமெண்டு சத்தியம் பண்ணமாட்டன். கனக்கப் போயிடும்."

"சிமிட்டுற லைற் எண்டால் எங்களுக்கும் நல்லதெல்லே" என்றார் மெதுவாக. "றோட்டு லைற், கடை லைற்றோடை குழம்பாது. வெளிச்சவீடும் அப்பிடித்தானே எரியுது." பிறகு அவருடைய குரல் மாறியது. மிஸ் என்று கூப்பிட்டது போய்விட்டது. "உதைச் சொல்லவோ கேக்கவோ ஒருத்தரும் என்ரை வீட்டை வரேல்லை, தங்கச்சி. ஜீப்தான் வந்தது."

சாட்சியம் கெட்டுவிடும் என்று வாயைக் கட்டி வைத்தார்கள், அந்தச் சாட்சியத்தைக் கேட்கவே ஆளில்லாமல் போய்விட்டது. இரண்டு பேரும் ஒரு பத்து நிமிடம் ஒரு முற்றத்தில் இருந்து கதைத்திருந்தால் குருவியும் தப்பியிருக்கும், பெடியளும் தப்பியிருப்பார்கள், அவருடைய பெயரும் தப்பியிருக்கும்.

அந்தக் கிழமையே சங்கத்தின் மின்வேலைக்காரர் விளக்கை விட்டு விட்டு எரியும்படி மாற்றிவிட்டார். ஒரு கந்தோரிடமும் கேட்கவில்லை. பெடியள் இப்போதுதான் வான் தூரத்திலேயே தெரிகிறது என்று மகிழ்ந்தார்கள். ஏன் மாற்றியது என்று தங்கராசா அண்ணை அவர்களுக்குச் சொல்லவில்லை. மிச்ச மழைக்காலம் முழுக்க நான் விடியலில் போய்ப் பார்த்தேன். ஒன்றிரண்டு கிடந்தன. சாக்கு நிறையக் கிடக்கவில்லை.

அதைவிடக் கேவலம் பிறகு நடந்தது. வருட முடிவுக் கூட்டத்தில் மேலதிகாரி எழும்பி, சட்டத்தைக் கடுமையாக நடைமுறைப்படுத்தியதால் வடகரையில் பறவைக்கொலை நின்றுவிட்டது என்று வாசித்தார். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை. இந்தக் காகம் பழத்தையும் தானே பழுக்க வைத்ததாகச் சொன்னது. நான் எழும்பி நடந்ததைச் சொன்னேன். விளக்கு, அறிக்கை, லாச்சி எல்லாம் சொன்னேன். அவர் கோபப்படவே இல்லை. முடிந்த வழக்கைக் கிளற வேண்டாம் அக்கா, அவரே ஒப்புக்கொண்டவர்தானே என்றார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். தேத்தண்ணி வந்தது.

அந்த ஊர் அம்மன் கோயில் சபையில் தங்கராசா அண்ணை அதுவரை இருந்தவர். கடலுக்கு அம்மன் தீர்த்தமாட வரும்போது முன்னுக்கு நின்று கரையைத் துப்புரவாக்குவது அவர் குடும்பத்துப் பொறுப்பு. அந்த வருடம் வேண்டாம் என்றார்கள். நான் சபைத் தலைவரிடம் போய்க் கெஞ்சினேன். கோட்டில் தன் வாயால் சொன்னவர், நாங்கள் என்ன செய்வது என்றார் அவர். உண்மையைச் சொல்லலாமென்றால், சொல்லக்கூடாது என்று தங்கராசா அண்ணை என்னிடம் கையடித்துச் சத்தியம் வாங்கியிருந்தார். வழக்கை மேலே கொண்டு போகலாம் என்று ஒரு சட்டத்தரணி சொன்னார். அதற்கும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. வழக்குத் திரும்பவும் தொடங்கினால் விளக்குத் திரும்பவும் கேள்விக்கு வருமாம். தீர்த்தத்தன்று அவர் வீட்டுக்குள் இருந்தார். பறை மேளம் அவர் வீட்டு வாசலால்தான் போனது.

அந்தச் சத்தியத்தை இன்று நான் மீறி எழுதுகிறேன். ஏன் என்றும் சொல்கிறேன்.

போன மாதம் உங்கள் பயிற்சி வகுப்புக்கு என்னை விருந்தினராகக் கூப்பிட்டீர்கள். பூச்செண்டு தந்தீர்கள். பறவையின் கண்ணைப் பற்றியும் காந்தத்தைப் பற்றியும் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு "வெற்றிகரமான நடவடிக்கை" என்று ஒரு தலைப்பு வந்தது. திரையில் ஒரு படம். கையில் சாக்கு, பின்னால் வலை, நிலத்தைப் பார்த்தபடி தங்கராசா அண்ணை. முகத்தை மறைக்கக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை. நீங்கள் கைதட்டினீர்கள். நான் எழும்பி வெளியே போனதை, வயது போன ஆளுக்குத் தலைச்சுற்று என்று நினைத்து ஒருவர் சோடா கொண்டுவந்து தந்தீர்கள்.

அடுத்த நாள் நான் அவர் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். உங்களை இப்படி வகுப்பில் போட்டுக் காட்டுகிறார்கள், நான் இனிப் பேசாமல் இருக்கப்போவதில்லை என்றேன். அவர் ஊசியை நிறுத்தினார். கோபப்படுவார், திட்டுவார் என்று பார்த்தேன். திட்டினால் எனக்கும் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அந்தப் படத்திலை லைற் தெரியுதோ?" என்று கேட்டார்.

"இல்லை அண்ணை."

"அப்ப காரியமில்லை" என்றுவிட்டுத் திரும்பவும் வலையைக் கையில் எடுத்தார்.

அவருக்குக் காரியமில்லாமல் இருக்கலாம். எனக்கு இருக்கிறது, உங்களுக்கும் இருக்க வேண்டும். அந்த விளக்கை இனி ஒருவரும் தொட முடியாது, குருவியும் படகும் இரண்டும் அதன் கீழே தப்பிப் பிழைக்கின்றன என்று நீங்கள்தான் எழுத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிவிட்டு ஜீப்பை வீதியில் விட்டு நடந்து போய், அதை அவர் கையில் கொடுங்கள். பிறகு அந்தப் படத்தைத் திரையிலிருந்து எடுங்கள்.